அம்மா அனுப்பிய பெட்டியில் எது வந்து சேரவில்லை

அடுத்த மாதம் தன்னார்வப் பணிக்காக ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குப் போகிற தங்கை ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "அக்கா, வீட்ல என்னென்ன அனுப்பச் சொல்லட்டும்? நீங்க போயிருந்தப்ப உங்களுக்கு என்ன வரும்?" இட்லிப் பொடி, புளி, சுண்டைக்காய் வத்தல் என்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, அந்தப் பெண்ணுக்கு நான் பாதி பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்று. மீதியை இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார், அவரைப் போலக் கிளம்பிக் கொண்டிருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து வரும் பெட்டியைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. அம்மாவின் கைமணம், ஊறுகாயின் வாசம், பிரித்தவுடன் கண்ணில் நீர். எல்லாம் உண்மைதான். ஆனால் யாருடைய அம்மா, எந்தத் தெருவிலிருந்து, எதை அனுப்ப முடிந்தது, எதை அனுப்ப முடியவில்லை என்று அந்தக் கட்டுரைகள் சொல்வதில்லை. பெட்டிக்குள் ஊறுகாய் மட்டும் போவதில்லை, ஊரும் போகிறது. ஊர் போனால் சேரியும் போகும்.

2011 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் தென்மேற்கே காஃபா பகுதிக்குச் செவிலியர் பயிற்றுநராகப் போனேன். (அவர்கள் நாட்காட்டிப்படி அது 2004-ஆம் ஆண்டின் தொடக்கம். ஏழு வயது குறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போன் செய்து சிரித்தேன்.) போங்கா என்ற சிறு நகரம். சுற்றிலும் காடு. காட்டுக்குள் காபிச் செடி தானாகவே வளர்கிறது. காபி என்ற பெயரே எங்கள் காஃபாவிலிருந்துதான் வந்தது என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2010-ல், யுனெஸ்கோ அந்தக் காட்டை உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அரசு வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் எங்கோ போகிறேன் என்றதும் சித்தப்பா கேட்டார்: "நமக்கே எவனாவது உதவி செய்வானான்னு பாத்துக்கினு இருக்கோம், நீ போயி யாருக்கு உதவி பண்ணப் போற?" அவர் கேட்டதில் தப்பில்லை. தன்னார்வம் என்பது வீட்டில் வேறு சம்பாத்தியம் இருக்கிறவர்களுக்கான சொல். எங்களுக்கு அது கடன். நிறுவனம் கொடுத்த படிப்பணத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்தேன். பயிற்சி முகாமில் என்னோடு இருந்த ஐரோப்பியத் தோழிகளுக்கு இது புரியவே இல்லை. அவர்களுக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது.

முதல் பெட்டி டிசம்பரில் கிளம்பியது. நூறு நாள் வேலையில் அம்மாவுக்கு அன்றைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு ரூபாய். ஐந்து கிலோவுக்குத் தபால் செலவு மட்டுமே அவருடைய இருபது நாள் கூலியைத் தாண்டியது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் பெட்டிக்கு உறை தைத்து, முனையில் அரக்கு வைத்து அனுப்பினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டிய சிஎன் 23 படிவத்தைத் தங்கை பூர்த்தி செய்திருந்தாள். கொள்ளுப் பொடி, கேழ்வரகு மாவு, புளி, வத்தல், ஒரு நைட்டி. மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் போஸ்ட்மாஸ்டரைக் கேட்டாளாம். "இதுக்கெல்லாம் என்ன மதிப்பு, சும்மா ஒரு முந்நூறு போடும்மா" என்றாராம் அவர்.

எத்தியோப்பியாவில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. தபால் பெட்டி எண் வைத்திருக்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றரை மாதம் போய்ப் போய்ப் பார்த்தேன். வந்த நாளில் புளி உருகி நைட்டியெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அந்த நைட்டியைத் துவைக்க மனம் வரவில்லை என்று எழுதினால் நானும் அந்த வாசமலர் கட்டுரைகள் பக்கம் போய்விடுவேன். துவைத்தேன். புளியைத் தனியாக எடுத்து வைத்துக் கொண்டேன்.

கேர் பேக்கேஜ் என்று இந்தப் பெட்டிகளுக்கு ஐரோப்பிய, அமெரிக்கத் தன்னார்வலர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். அன்பாக அனுப்பும் பெட்டி என்ற அர்த்தத்தில் சொல்கிறார்கள். பேர் வந்த கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1945 நவம்பரில், பசியில் கிடந்த ஐரோப்பாவுக்கு உணவு அனுப்ப அமெரிக்காவில் 22 அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பின் பெயர்ச்சுருக்கம்தான் கேர். பத்து டாலர் கட்டினால் ஒரு பெட்டி. 1946 மே 11 அன்று பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்தில் முதல் பெட்டிகள் இறங்கின. ராணுவத்தில் மிச்சமான உணவுப் பொட்டலங்கள்தான் அவை. பிறகு அவர்களே பெட்டி தயாரித்தபோது அதில் முக்கியமாக இருந்தது டின்னில் அடைத்த மாட்டுக்கறி. மாட்டுக்கறியைத் தின்றுதான் ஐரோப்பா எழுந்து உட்கார்ந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்தக் கேர் எங்கள் ஊருக்கும் வந்தது. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு 1960-களில் அந்த நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் சோள மாவும் அனுப்பியது. அம்மா அதைத் தின்று வளர்ந்தவர். மஞ்சள் உப்புமா பற்றி இப்போதும் பேசுவார். பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைகள் தனி வரிசை. ஆயா கரண்டியைத் தட்டில் படாமல் மேலே தூக்கிப் பிடித்துப் போடுவாராம். பாதி தரையில் விழும். அமெரிக்காவிலிருந்து கப்பலேறிக் கடல் தாண்டி வந்த உப்புமாவுக்குக் கரண்டியிலிருந்து தட்டுக்கு வருகிற அந்த அரை அடியைத் தாண்ட முடியவில்லை. சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். 2018-ல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று பள்ளிக்கு முன் கூடினார்களே, அது எந்தக் காலம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருந்த இடத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு நகரத்தில் தமிழ் விரிவுரையாளர்கள் சிலர் குடும்பத்தோடு இருந்தார்கள். எத்தியோப்பியாவில் இந்திய வாத்தியார்கள் புதிதல்ல. அறுபது வருடமாகப் போய்க் கொண்டிருக்கிறார்கள். வயதான எத்தியோப்பியர் யாரைக் கேட்டாலும் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் இந்தியர் என்பார். 2012 பொங்கலுக்கு என்னை அழைத்தார்கள். மண்ணடுப்பு வைத்துப் பொங்கினோம். நான்கு மாதம் கழித்து வாய் நிறையத் தமிழ் பேசினேன். அதை மறந்து எழுத மாட்டேன். அன்றைக்கு அவர்கள் எனக்குச் சொந்தக்காரர்களைப் போலத்தான் இருந்தார்கள். "எந்த ஊரும்மா?" என்றார்கள். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம் என்றேன். பொய் இல்லை. எங்கள் காலனிக்கும் அதே நிறுத்தம்தான்.

அந்த ஏப்ரலில் ஃபாசிகா வந்தது. அவர்களுடைய ஈஸ்டர். 55 நாள் கறி, பால், முட்டை எதுவும் தொடாமல் விரதம் இருந்துவிட்டு அன்றைக்குத் தின்கிறார்கள். எங்கள் தெருவில் எட்டு வீடு சேர்ந்து ஒரு மாடு வாங்கி, அறுத்து, தழையின் மேல் கூறு போட்டுப் பிரித்தார்கள். கிர்ச்சா என்று அதற்குப் பேர். கூறு போட்ட விதம் அப்படியே எங்கள் காலனிதான். எலும்பு ஒரு பங்கு, ஈரல் ஒரு பங்கு, எல்லாப் பங்கிலும் எல்லாம் கொஞ்சம், யாருக்கு எது என்று சீட்டு. நடுத்தெருவில். பகலில். பாதிரியார் அந்தப் பக்கம் போகிறார், ஆசீர்வதித்துவிட்டுப் போகிறார். எங்கள் ஊரில் கறி வாங்கிவரும் பையை மேலே துண்டு போட்டு மூடிக் கொண்டு, ஊர்த்தெருவைச் சுற்றிக் கொண்டு வருவார் அப்பா.

அன்று தேதி 2012 ஏப்ரல் 15. அதே ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் மாட்டுக்கறி விழா நடத்தினார்கள். எங்கள் உணவும் விடுதியில் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. பிரியாணி தின்றதற்குத் தாக்குதல், கண்ணீர்ப்புகை. ஒரு மாணவர் கத்திக்குத்துப் பட்டார். செய்தி எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது வீட்டுக்கார அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் கொண்டிருந்தார். மிஞ்சின கறியை நீள நீளமாக அரிந்து, உப்பும் மிளகாய்க் கலவையும் தடவி, கயிற்றில் தொங்கவிட்டார். குவான்டா என்றார்.

எங்கள் வீட்டில் அதற்குப் பேர் கொடிக்கறி.

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அங்கயும் நம்ம சனங்க இருக்காங்களா பாப்பா?"

இல்லம்மா, இங்கே எல்லாரும் தின்பார்கள் என்றேன். எல்லாருமா என்று மறுபடி கேட்டார். டாக்டர், வாத்தியார், பாதிரியார், போலீஸ்காரர் எல்லாரும். அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. நம்ம வீட்டுக் கொடிக்கறியை அந்த அம்மாவுக்கு ஒரு கை கொடுக்க வேண்டும், எது ருசி என்று கேட்க வேண்டும் என்றார். தபாலில் கறி அனுப்பக் கூடாதும்மா, சட்டம் விடாது என்று சொல்லி முடித்தேன். முடிந்தது என்று நான்தான் நினைத்தேன்.

அந்த வருட விடுமுறையில் நம் மாவட்டத்துக்காரரான ஒரு விரிவுரையாளர் ஊருக்குப் போனார். "தபாலுக்கு எதுக்கும்மா காசு? நம்ம வீட்ல குடுத்துவிடச் சொல்லு, நான் எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவராகவே சொன்னார். நல்ல மனது. அம்மாவும் தங்கையும் இரண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போய் ஒரு பையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். திண்ணையிலேயே வைத்துப் பேசி அனுப்பினார்கள் என்று தங்கை பிறகு சொன்னாள். தண்ணீர் கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

செப்டம்பரில் பை வந்தது. பொடி இருந்தது, வத்தல் இருந்தது, வடகம் இருந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா போனில்: "சாப்டியா? அந்த அம்மாவுக்குக் குடுத்தியா? என்னா சொன்னாங்க?"

எதை என்றேன்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில், மேலே மிளகாய் வத்தல் போட்டு, அடியில் கொடிக்கறி வைத்திருந்தாராம். எனக்குச் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று சொல்லவில்லையாம்.

விரிவுரையாளரிடம் கேட்டேன். தயக்கமே இல்லாமல் சொன்னார்: "ஏர்போர்ட்ல புடிச்சா பிரச்சனை ஆயிடும்மா. அதான் எடுத்துட்டோம்." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. விமானத்தில் கறி கொண்டுபோவது பல நாடுகளில் குற்றம். எந்த விவரமும் சொல்லாமல் இன்னொருவர் பையில் அதை வைத்தது அம்மாவின் தப்பு. இதை நான் மறைக்கப் போவதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் இதைத்தான் எழுதுவீர்கள் என்பதும் தெரியும்.

ஆனால் அவர் வீட்டு மேசையில் அதே பயணத்தில் வந்த நெத்திலிக் கருவாடு இருந்தது. ஒரு கிலோவுக்குக் குறையாது. எனக்கே ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார்கள். கருவாட்டுக்கு ஏர்போர்ட் இல்லையா சார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாங்கிக் கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்தப் பொட்டலம் மடியில் இருந்தது.

2013 பொங்கலுக்கு அழைப்பு வரவில்லை. கூட்டமாக இல்லை, இந்த முறை அவரவர் வீட்டோடு வைத்துக் கொண்டோம் என்று பிறகு ஒருவர் சொன்னார். படம் முகநூலில் வந்தது. ஏழு குடும்பம் இருந்தது அதில். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம் என்று நான் சொல்லி மறைத்ததை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் சொல்லிவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் 1920 முதல் 1923 வரை லண்டனில் படித்தபோது அரைவயிறு காலை உணவோடு நூலகத்துக்குப் போய், இரவில் பசி தாங்காமல் நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றதாகத் தனஞ்செய் கீர் தன்னுடைய வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதுகிறார். எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் ரமாபாய் அம்மா ஞாபகம்தான் வரும். பம்பாயில் வறுமையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த அவர் என்ன அனுப்பியிருக்க முடியும்? அந்த அப்பளத்தைக் கொடுத்த நண்பர் சாதி கேட்காமல் கொடுத்தாரே என்றும் தோன்றும். அதே அம்பேத்கர்தான் 1948-ல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில், தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். அந்த முடிச்சு கடல் தாண்டி ஒரு விரிவுரையாளரின் சூட்கேஸ் வரைக்கும் நீளும் என்று நான்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

இதோடு நிறுத்தினால் எத்தியோப்பியா சொர்க்கம், நாம் நரகம் என்று ஆகிவிடும். அது பொய்.

வாரத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்குக் கரி கொண்டுவரும் பெண் ஒருவர் உண்டு. அடுப்புக் கரி. அவ்வளவு சுமையைத் தலையிலும் முதுகிலுமாகக் காட்டிலிருந்து சுமந்துவருவார். வாசலுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு நிற்பார். வீட்டுக்கார அம்மா காபி வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார். அபோல், தோனா, பெரக்கா என்று மூன்றுக்கும் பேர். எங்களுக்கெல்லாம் சினி என்கிற பிடியில்லாத சின்னப் பீங்கான் கோப்பை. கரிக்காரம்மாவுக்குக் காபி வெளியே போகும், பழைய பிளாஸ்டிக் டப்பாவில்.

முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. கேட்டேன். அவர்கள் மன்ஜோ என்றார் வீட்டுக்கார அம்மா. காட்டில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள். குரங்கு தின்பார்கள், காட்டுப்பன்றி தின்பார்கள், செத்தது தின்பார்கள். அதனால் வீட்டுக்குள் விடுவதில்லை, ஒரே பாத்திரத்தில் தருவதில்லை, பெண் கொடுத்து எடுப்பதில்லை. சுத்தம் பார்க்க வேண்டாமா மகளே என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். என்னை மகளே, மகளே என்று அழைத்து, காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அடுப்புக்கு மேலே அவருடைய கொடிக்கறி தொங்கிக் கொண்டிருந்தது.

அப்படியானால் மாட்டுக்கறி ஒரு சாக்கு. மாடு இல்லாத இடத்தில் குரங்கு. குரங்கும் இல்லாத இடத்தில் குயவர் சக்கரம், கொல்லர் உலை, தோல் பதனிடும் தொட்டி. எத்தியோப்பியாவிலேயே குயவரையும் தோல் தொழிலாளரையும் கொல்லரையும் இப்படி ஒதுக்கி வைத்திருக்கும் பகுதிகள் பல. நைஜீரியாவில் ஓசு என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உணவுகூடக் காரணமில்லை, முன்னோர் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள் என்பதே போதும். முதலில் ஆளை ஒதுக்குகிறார்கள், பிறகு அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் காரணம் எழுதுகிறார்கள்.

ஒரு நாள் என் சினியை எடுத்துக் கொண்டு வெளியே போய்க் கரிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்றை என் சினியில் அவருக்குக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. வீட்டுக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை அசைத்தார். வற்புறுத்தினேன். வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அந்தச் சினி அடுத்த நாள் தட்டில் இல்லை.

அலுவலகத்தில் சொன்னேன். உள்ளூர்ப் பண்பாட்டில் தலையிடக் கூடாது என்பது தன்னார்வலர் நெறிமுறை என்றார்கள். பயிற்சி முகாமிலேயே சொல்லிக் கொடுத்ததுதான். பண்பாட்டை மதி, கேள்வி கேட்காதே, விருந்தாளியாக இரு. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பாடம் தேவைதான். அவர்கள் தலையிட்ட வரலாறு அப்படி. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் இரண்டு குவளை இருந்ததும் பண்பாடு என்றுதான் சொன்னார்கள். 2001-ல் டர்பன் மாநாட்டில் இந்திய அரசு சாதியைப் பற்றிப் பேசவிடாமல் மல்லுக்கட்டியபோது சொன்னதும் அதன் இன்னொரு வடிவம்தான்: எங்கள் வீட்டு விவகாரம், நீங்கள் தலையிடாதீர்கள். நம் முன்னோடிகள் விடவில்லை. 2002-ல் ஐநாவின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் எழுதியது. 2009-ல் வேலையையும் பிறப்பையும் வைத்துக் காட்டப்படும் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐநா வரைவுக் கொள்கைகள் வெளிவந்தன. நமக்காகப் போராடி வாங்கிய சொற்கள் மன்ஜோவுக்கும் ஓசுவுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தன்னார்வலர்களை அனுப்புகிற நிறுவனங்களின் நடத்தை விதிகளில் இனம், பாலினம், மதம், மாற்றுத்திறன் எல்லாம் இருக்கும், சாதி இருக்காது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நம் பிள்ளைகள்தான். கேட்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். அதனால்தான், சித்தப்பா கேட்ட கேள்விக்குப் பிறகும், போ என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

அந்தச் சினி விஷயத்தைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு முறைதான் செய்தேன். அதற்குப் பிறகு கரிக்காரம்மா திரும்ப வந்தபோது நான் அறையை விட்டு வெளியே வராமல் இருந்த நாட்களும் உண்டு. அந்த வீட்டில்தான் நான் இன்னும் எட்டு மாதம் தூங்க வேண்டியிருந்தது. அதோடு, என் துணிச்சலுக்கு அவர் ஒரு வாரக் கரி வியாபாரத்தைக் கொடுத்திருக்கிறார். எங்கள் காலனிக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக் கொண்டு போகிற அரசியல்வாதிகளை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். அவர்கள் போன பிறகு ஊர்க்காரர்கள் முகத்தில் விழிக்க வேண்டியது நாங்கள்தான். நான் செய்ததும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரிவுரையாளர் கதைக்கு அம்மா கோபப்படவில்லை. "பாட்டிலயாவது திருப்பிக் குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். கரிக்காரம்மா கதைக்குத்தான் நெடுநேரம் பேசினார். அவளுக்குப் பிள்ளைங்க எத்தனை, கரிக்கு என்ன விலை தருகிறார்கள், தலைச்சுமையா முதுகுச்சுமையா. அவள் பேர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடம் வாரா வாரம் பார்த்தவரின் பேரை நான் கேட்டிருக்கவில்லை. அடுத்த முறை கேட்டேன். தெரிந்துகொண்டேன். இங்கே எழுதவில்லை, அவரிடம் அனுமதி வாங்கவில்லை.

தங்கைக்கு: புளியை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போடச் சொல். பொடி வகைகளைத் தனித்தனி டப்பாவில் வைத்து மேலே பேர் எழுதச் சொல், சுங்கத்தில் பிரித்துக் கொட்டாமல் இருக்கும். நாப்கின் நிறைய எடுத்துப் போ, அங்கே சின்ன ஊர்களில் கிடைப்பது சிரமம். கறி அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடு. அம்மாக்கள் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல். போகிற இடத்திலேயே கிடைக்கும், உன் கையாலேயே கொடி கட்டலாம். ஊரிலிருந்து வருகிற தமிழர் யாராவது நான் எடுத்து வருகிறேன் என்றால் வாங்கிக் கொள், எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. பையைக் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே என்னென்ன இருக்கிறது, எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று அவர் கேட்காமலேயே சொல்லிவிடு. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார். பிறகு கொடு.